தண்ணீர் தேடாத கோரை

கோரை என்றதும் நமக்குத் தண்ணீர்தான் நினைவுக்கு வரும். ஏரிக்கரை, வாய்க்கால் ஓரம், முசிறிப் பக்கம் காவிரிக் கரையில் வயல் வயலாக நிற்கும் பாய்க்கோரை, கல்யாணச் சீரில் சுருட்டி வைக்கும் பத்தமடைப் பாய். நெல்வயலில் களை எடுத்தவர்களுக்கு அதன் இன்னொரு முகமும் தெரியும்: பிடுங்கப் பிடுங்கக் கிழங்கிலிருந்து முளைத்து வந்து உயிரை எடுக்கும் கோரை. சங்கப் பாடல்களில் சிறுமிகள் பாவை செய்து விளையாடிய பைஞ்சாயும் ஈர நிலத்துக் கோரைதான். அதனால், காட்டுக்குள், மேட்டு நிலத்தில், ஓக் மரத்தடியில், காய்ந்த சருகுக்கு நடுவே வளரும் கோரை ஒன்று உண்டு என்று ஒரு நண்பர் சொன்னபோது நான் நம்பவில்லை. புல்லைப் பார்த்துக் கோரை என்கிறார் என்று நினைத்தேன்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மேடிசன் நகரில், பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான பெரிய மரப்பூங்கா ஒன்று இருக்கிறது. பூங்கா என்றால் பூத்தொட்டியும் சிமெண்ட் பெஞ்சும் அல்ல. ஓக் காடு, மேப்பிள் காடு, புல்வெளி, சதுப்பு எல்லாம் அடங்கிய இடம். ஏப்ரல் கடைசியில் ஒருநாள் அங்கே ஓக் காட்டுக்குள் நடந்தேன். மரங்களில் மருந்துக்கும் இலை இல்லை. தரை முழுக்கப் போன வருடத்துச் சருகு, செருப்புக்கடியில் நொறுங்கியது. அந்தப் பழுப்புக்கு நடுவே, யாரோ புல்தரை வளர்த்ததுபோல், மெல்லிய இளம்பச்சை. கணுக்கால் உயரம்கூட இல்லை.

குனிந்து ஒரு பூந்தண்டைக் கிள்ளி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து உருட்டினேன். வழுவழுவென்று உருள வேண்டியது உருளவில்லை. தடுக்கித் தடுக்கித் திரும்பியது. நூலைவிடச் சற்றே தடித்த அந்தத் தண்டுக்கு மூன்று விளிம்புகள்.

கோரையை அடையாளம் காண இதைவிட எளிய வழி கிடையாது. ஆங்கிலத்தில் இதற்கு எதுகையோடு ஒரு வாய்ப்பாடே வைத்திருக்கிறார்கள், கோரைக்கு விளிம்பு உண்டு என்று தொடங்கும். நெல், கரும்பு, மூங்கில் எல்லாம் புல் குடும்பம். அவற்றின் தண்டு உருண்டை, இடையிடையே கணு இருக்கும், இலைகள் இரண்டு வரிசையாகப் பிரியும். கோரைத் தண்டு பெரும்பாலும் முக்கோணம், பூந்தண்டில் கணு தட்டுப்படாது, உள்ளே கெட்டியாக இருக்கும், இலைகள் மூன்று வரிசையாக வரும். மேலிருந்து பார்த்தால் மூன்று திசையில் பிரியும் காற்றாடி இறக்கைபோல் தெரியும். விதிவிலக்கு இல்லாமல் இல்லை. உருண்டைத் தண்டுள்ள கோரைகளும் இருக்கின்றன. ஆனால் முதல்முறை பார்ப்பவருக்கு இந்த விரல் சோதனை போதும்.

கோரைக் குடும்பத்தில் ஏறத்தாழ 5,500 இனங்கள் இருக்கின்றன. எகிப்தியர்கள் எழுதுவதற்குத் தாள் செய்த பாப்பிரஸ், நம் முத்தக்காசு, பாய்க்கோரை எல்லாம் இதில் அடக்கம். அந்த 5,500இல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், ஏறத்தாழ 2,000 இனங்கள், கேரெக்ஸ் என்ற ஒரே பேரினத்துக்குள் வருகின்றன. உலகில் பூக்கும் தாவரங்களின் மிகப் பெரிய பேரினங்களில் அதுவும் ஒன்று. நான் மேடிசனில் குனிந்து பார்த்தது கேரெக்ஸ் பென்சில்வேனிகா. தமிழில் பெயர் கிடையாது என்பதால் பென்சில்வேனியக் கோரை என்றே சொல்லிக்கொள்கிறேன்.

கேரெக்ஸ் என்பதற்கு உறுதியான அடையாளம் ஒன்று உண்டு. பெண்பூவின் சூலகம் திறந்தவெளியில் இருக்காது, சின்னஞ்சிறு பை ஒன்றுக்குள் உட்கார்ந்திருக்கும். பையின் வாய் வழியாகச் சூல்முடி மட்டும் வெளியே நீளும். பென்சில்வேனியக் கோரையில் அந்தப் பையின் நீளம் 2 முதல் 3 மில்லிமீட்டர், மேலே பொடி மயிர். கைலென்ஸ் இல்லாமல் பார்ப்பது கடினம். எளிதாகப் பார்க்க வேண்டுமானால் நம் மலைகளுக்கு வரவேண்டும். நீலகிரி, பழனி மலைச் சோலைகளின் ஓரத்திலும், இலங்கையின் மலைநாட்டிலும் கேரெக்ஸ் பக்கான்ஸ் என்ற உயரமான கோரை வளர்கிறது. அதன் பைகள் பழுத்ததும் மணிமணியாகச் சிவந்து தொங்கும். கோரையில் பழமா என்று கேட்கத் தோன்றும். சென்னை மாகாணத்தில் கம்பெனி வேலையில் மருத்துவராக இருந்த ராபர்ட் வைட் திரட்டிய செடிகளை வைத்துத்தான் 1834இல் அதற்குப் பெயர் சூட்டினார்கள். ஆக, காட்டுக் கோரை நமக்கும் அந்நியமல்ல. நாம்தான் அதைக் கவனித்ததில்லை.

கூரை திறந்திருக்கும் சில வாரங்கள்

ஒரு செடியின் வாழிடம் என்று புத்தகத்தில் 'வறண்ட ஓக் காடுகள்' என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுவார்கள். அந்த இரண்டு சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் கதை.

முதலில் வெளிச்சம். நம் ஊரிலும் இலையுதிர் காடுகள் உண்டு. முதுமலையில் மாசி, பங்குனியில் தேக்கு மொட்டையாக நிற்கும். வெயில் தரையில் கொட்டும். ஆனால் தரையில் இருக்கும் செடிக்கு அந்த வெயிலால் பயனில்லை, மண்ணில் ஈரம் இல்லையே. நம் மரங்கள் வறட்சிக்கு அஞ்சி இலையை உதிர்க்கின்றன. விஸ்கான்சின் மரங்கள் குளிருக்கு அஞ்சி உதிர்க்கின்றன. அங்கே பனி உருகி மண் ஊறிக் கிடக்கும் நேரத்தில்தான் கூரையும் திறந்திருக்கிறது. ஏப்ரல் தொடங்கி, மே மாதத்தில் ஓக் இலை விரியும்வரை சில வாரங்கள் வெயிலும் தண்ணீரும் ஒன்றாகக் கிடைக்கும். ஓக் மரம் வேறு பலவற்றைவிடத் தாமதமாகத் துளிர்க்கும் சோம்பேறி என்பது தரையில் இருப்பவர்களுக்கு இன்னொரு வசதி.

பென்சில்வேனியக் கோரை இந்தச் சில வாரங்களை வீணாக்குவதில்லை. பனிக்காலம் முழுக்க அதன் பழைய இலைகளில் கொஞ்சம் பச்சை மிச்சம் இருக்கும். குளிர் விலகியதுமே புது இலை கிளம்பிவிடும், பூவும் கூடவே வந்துவிடும். இலையின் அகலம் 3 மில்லிமீட்டரைத் தாண்டாது. செடியின் அடியில் பழைய இலையுறைகள் நாராகக் கிழிந்து, சிவப்பு கலந்த பழுப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

பூ என்று சொன்னாலும் இதழ் கிடையாது, மணம் கிடையாது. தண்டின் நுனியில் சிறிய தூரிகைபோல் ஆண்பூக் கதிர் நிற்கும், மகரந்தப்பைகள் வெளியே தொங்கும் இரண்டொரு நாளில் வெளிர்மஞ்சளாகத் தெரியும். அதற்குக் கீழே, கொழுக்கட்டை பிடித்ததுபோல் உருண்ட இரண்டு மூன்று பெண்பூக் கொத்துகள். ஒவ்வொரு பையிலிருந்தும் மூன்று வெள்ளை இழைகள் நீளும். தேனீயை அழைக்கும் எண்ணமே இல்லை. இலையில்லாத காட்டில் காற்றுக்கு மறிப்பு ஏது? தண்டை லேசாகச் சுண்டிப் பாருங்கள், நல்ல வெயில் நாளாக இருந்தால் மஞ்சள் புகை ஒன்று கிளம்பிப் போகும்.

மே நடுவில் ஓக் மரம் கூரையை மூடிவிடும். அதன் பிறகு பூந்தண்டு சாய்ந்து இலைக்குள் மறைந்துபோகும், இலைகள் மட்டும் நீண்டு, எண்ணெய் வைத்து வாரிவிட்ட தலைமுடிபோல் ஒரே பக்கமாகப் படிந்து கிடக்கும். கோடைக்கால நிழலில் சிக்கனமாகக் காலம் தள்ளத் தெரிந்த செடி அது. ஓக் காட்டின் நிழல் மேப்பிள் காட்டு நிழலைப்போல் அடர்த்தியும் இல்லை, அங்கங்கே வெயில் பொத்தல் விழும்.

அடுத்தது சருகு. ஓக் இலை தோல்போலத் தடித்தது, மக்குவதற்குச் சோம்பும். மென்மையான சிறு செடிகளை அது போர்வைபோல் மூடி அமுக்கிவிடும். கோரை இலையோ ஊசிபோல் மெல்லியது. சருகில் பொத்தல் போட்டுக்கொண்டு மேலே வருகிறது. சில நேரம் ஒரு பழைய ஓக் இலை, குத்துக்கட்டையில் மாட்டிய பில் சீட்டுபோல், கோரைக் கொத்தின் மேல் ஏறி நிற்பதைப் பார்க்கலாம். மண் மணற்பாங்காக இருந்தாலும், சற்றுப் புளிப்புத் தன்மை கொண்டிருந்தாலும், ஆடியில் காய்ந்தாலும் கவலையில்லை. தண்ணீர் தேங்கினால்தான் ஆகாது. கோரைக்குத் தண்ணீர் ஆகாது என்று எழுதும்போது எனக்கே சற்றுக் கூச்சமாக இருக்கிறது.

பரவுவது மண்ணுக்கடியில். 'ஆல்போல் தழைத்து அறுகுபோல் வேரோடி' என்று நம் வீட்டில் வாழ்த்துவோமே, அந்த இரண்டாம் பாதி இதற்குச் சரியாகப் பொருந்தும். அறுகைப்போலவே மட்டநிலத் தண்டுகளை மண்ணுக்குள் நீட்டி, அங்கங்கே ஒரு கொத்து முளைவிட்டு, கடைசியில் அறை அளவு, வீட்டு அளவு என்று விரிந்துபோகும். நீங்கள் தனித்தனிச் செடி என்று நினைத்து மிதித்து நடக்கும் நூறு கொத்தும் ஒரே செடியாக இருக்கலாம். கிழக்கே கியூபெக் முதல் தெற்கே ஜார்ஜியா வரை, மேற்கே டகோட்டா மாநிலங்கள் வரை இதன் வீடு.

பெயர் வைத்தவர் பிரெஞ்சு இயற்கையியலாளர் லமார்க், 1792இல். பரிணாமப் பாடத்தில் ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தோடு வருவாரே, அவரேதான். அறிவியல் பெயரை எழுதும்போது பென்சில்வேனியாவில் இரண்டு 'என்' வரவேண்டிய இடத்தில் ஒன்றுதான் போட்டார். அந்தக் காலத்தில் அப்படி எழுதுவதும் வழக்கம்தான், பிலடெல்பியாவில் இருக்கும் புகழ்பெற்ற விடுதலை மணியிலும் ஒரே ஒரு 'என்'தான் பொறித்திருக்கிறது. தாவரப் பெயரில் முதலில் அச்சானதே சட்டம் என்பதால் இன்றுவரை யாரும் அதைத் திருத்தவில்லை.

விதையைப் பற்றிச் சொல்ல இதன் நெருங்கிய உறவு ஒன்றைத் துணைக்கு அழைக்க வேண்டும். கேரெக்ஸ் பெடங்குலாட்டா என்ற இன்னொரு காட்டுக் கோரை அதே நாட்டில் வளர்கிறது. அதன் விதைப்பையின் அடியில் கொழுப்புச் சத்துள்ள சிறு சதை ஒட்டியிருக்கும். எறும்பு வாசனை பிடித்து வந்து பையோடு தூக்கிக்கொண்டு புற்றுக்குப் போகும், சதையைத் தின்றுவிட்டு விதையை வீசிவிடும். வீசிய இடம் பெரும்பாலும் நல்ல இடமாக அமைந்துவிடும். விழுந்து உளுத்துப்போன மரத்தண்டுகளில் அந்தக் கோரை முளைத்திருப்பதற்கு எறும்புதான் காரணம். இதை விரிவாக ஆராய்ந்து 1976இல் வெளியிட்டவர் ஸ்டீவன் ஹேண்டல். அரிசி மாவுக் கோலம் போட்டு எறும்புக்குத் தீனி வைக்கும் வழக்கம் நமக்குத் தெரியும். செடியும் அதையே செய்கிறது, பதிலுக்கு வேலை வாங்கிக்கொண்டு.

தீ, மான், மண்புழு

ஓக் காடு தானாக ஓக் காடாகவே நீடிக்காது. ஐரோப்பியர்கள் வந்து குடியேறும் முன்னால் அந்த மண்ணின் பூர்வகுடிகள் காட்டுத் தரைக்குக் குறிப்பிட்ட காலங்களில் தீ வைத்து வந்தார்கள். தாழ்வாக ஓடும் தீ, சருகையும் புதரையும் தின்றுவிட்டுப் போய்விடும். தடித்த பட்டையுள்ள ஓக் தாங்கும், மெல்லிய பட்டையுள்ள மேப்பிள் கன்று தாங்காது. கோரையின் தண்டுகள் மண்ணுக்குள் பத்திரமாக இருப்பதால் சாம்பலுக்கிடையே அதுதான் முதலில் பச்சை காட்டும். பிறகு தீயை அணைப்பதே நல்லது என்று ஒரு நூற்றாண்டு பழகினார்கள். மேப்பிள் உள்ளே நுழைந்தது, நிழல் தடித்தது, தரைச் செடிகள் மெலிந்தன. இப்போது மேடிசன் மரப்பூங்காவிலேயே திட்டமிட்டுத் தீ வைக்கிறார்கள்.

இதுவரை படித்தவருக்குக் கோரை ஒரு நல்ல பிள்ளையாகத் தெரிந்திருக்கும். வட விஸ்கான்சின், மிச்சிகன் பக்கம் வனத்துறையில் வேலை செய்பவரிடம் கேட்டால் முகம் சுளிப்பார்.

காரணம் மான். வெள்ளைவால் மான் 1900 வாக்கில் வேட்டையால் அருகிப்போயிருந்தது. பிறகு வேட்டைக்குக் கட்டுப்பாடு வந்தது, அதேசமயம் மானைத் தின்னும் ஓநாயைப் பெரும்பாலான இடங்களில் ஒழித்துவிட்டார்கள். மான் பெருகியது. காட்டுத் தரையில் ட்ரில்லியம் என்று ஒரு பூச்செடி இருக்கிறது, ஒற்றைத் தண்டு, உச்சியில் மூன்று இலை, நடுவே ஒரு வெள்ளைப் பூ. மான் ஒரு வாய் கடித்தால் அந்த வருடத்துக்கான இலை மொத்தமும் போய்விட்டது, அடுத்த வசந்தம்வரை பட்டினி. கோரைக்கு வளரும் நுனி தரைமட்டத்தில் இருக்கிறது. மேலே கடித்தால் கீழிருந்து நீளும், நம் ஊர் மாடு மேய்ந்த புல்லைப்போல. மானுக்கு அதன்மேல் பெரிய ஆசையும் இல்லை. மற்றவர்கள் தின்னப்பட்டுப் போக, காலியான இடத்தைக் கோரை நிரப்பியது.

அடுத்த காரணத்தைச் சொன்னால் நம் பள்ளிக்கூடத்து அறிவியல் ஆசிரியர் கோபித்துக்கொள்வார். 'மண்புழு உழவனின் நண்பன்' என்று எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள் நாம். ஆனால் 10,000 ஆண்டுகளுக்கு முன்புவரை பனிப்பாறைகள் மூடிக்கிடந்த வட அமெரிக்கப் பகுதிகளில் சொந்த மண்புழுவே கிடையாது. மண்புழு இல்லாமலேயே அந்தக் காடுகள் உருவாயின. சருகை மெதுவாகப் பூஞ்சைகள் மக்கச் செய்யும், மெத்தைபோன்ற அந்த மக்கு அடுக்கில்தான் விதைகள் முளைக்கும். ஐரோப்பியர்கள் கொண்டுவந்த செடிகளின் வேர்மண்ணிலும் கப்பல்களின் பாரமண்ணிலும் மண்புழு வந்து இறங்கியது. தூண்டில்காரர்கள் மிச்சப் புழுவை ஏரிக்கரையில் கொட்டிவிட்டுப் போனார்கள். புழு மெத்தையைத் தின்றது, தரை வெறும் மண்ணானது. வேரோடு கூட்டு வைத்திருக்கும் பூஞ்சைகளின் இழைகளும் அறுந்தன. காட்டுச் செடிகள் பலவற்றுக்கு அந்தப் பூஞ்சைதான் கைத்தடி. கோரைக் குடும்பம் அதை அவ்வளவாக நம்பியிருப்பதில்லை. மான் ஒரு பக்கம், புழு ஒரு பக்கம், நடுவில் தப்பியது கோரை.

இப்படித் தப்பிப் பெருகிய கோரை சில காடுகளில் ஜமுக்காளம் விரித்ததுபோல் தரையை மூடிவிட்டது. அதன் வேர்ப்பின்னலுக்குள் சர்க்கரை மேப்பிள் விதை விழுந்தால் கால் ஊன்ற இடம் இல்லை. மூத்த மரங்களை வெட்டினால் இளங்கன்று வராமல் கோரையே இன்னும் தழைக்கிறது. பார்க்கப் பச்சைப்பசேல் என்று அழகாகத்தான் இருக்கும். சுற்றுலாப் பயணி புகைப்படம் எடுத்துக்கொள்வார். மரம் தெரிந்தவருக்கோ அது பிள்ளையில்லாத வீடு.

இதைக் கோரையின் குற்றம் என்று எழுதும் சிலரோடு எனக்கு உடன்பாடு இல்லை. அது வெளியூரிலிருந்து வந்த ஆக்கிரமிப்பாளர் அல்ல, அந்த மண்ணுக்கே சொந்தமானது. ஓக் காட்டில் செய்துவந்ததையேதான் இங்கேயும் செய்கிறது. மாறியது அதைச் சுற்றியிருப்பவை.

வீட்டுக் கொல்லையில்

மரநிழலில் புல்தரை வராமல் தவிக்கும் அமெரிக்க வீட்டுக்காரர்களுக்கு இப்போது இந்தக் கோரை மீது காதல் வந்திருக்கிறது. வெட்ட வேண்டியதில்லை, மிஞ்சிப்போனால் வருடத்துக்கு ஒருமுறை. உரம் வேண்டாம், ஊன்றிப் பிடித்துவிட்டால் தண்ணீரும் வேண்டாம். பந்து விளையாடும் இடத்துக்கு மட்டும் ஒத்துவராது, தினம் மிதித்தால் தேய்ந்துவிடும்.

விதை போட்டு வளர்க்கலாம் என்று நினைக்காதீர்கள். நானும் ஒரு பொட்டலம் வாங்கி, தட்டில் தூவி, பிரிட்ஜில் குளிர் காட்டி, ஒரு வசந்தம் முழுக்கக் காத்திருந்தேன். இருநூறு விதையில் நான்கு முளைத்தன, இரண்டு புல். இந்தச் செடி விதை வைப்பதும் குறைவு, வைத்த விதை முளைப்பதும் குறைவு. கொத்தைப் பிரித்து ஒரு அடி இடைவெளியில் நடுவதே வழி. முதல் வருடம் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும், அப்போது பிடுங்கிவிடக் கூடாது. மூன்றாவது வருடம் கொத்துகள் ஒன்றையொன்று தொட்டுவிடும். காட்டிலிருந்து பெயர்த்துக்கொண்டு வருவது வேண்டவே வேண்டாம், நாற்றங்காலில் கிடைக்கிறது.

வாங்கிய செடியைத் தொட்டியோடு அப்படியே மண்ணில் இறக்குவதையும் நான் விட்டுவிட்டேன். குதிக்கும் புழு என்று ஒன்று ஆசியாவிலிருந்து வந்திருக்கிறது, தொட்டால் பாம்புபோல் துள்ளும். விஸ்கான்சினில் அதை முதன்முதலாக உறுதி செய்தது 2013இல், நான் கோரைத் தண்டை உருட்டிப் பார்த்த அதே மரப்பூங்காவில். அது புகுந்த இடத்தில் மேல்மண் பில்டரில் மிஞ்சிய காப்பிச் சக்கைபோல் பொலபொலவென்று ஆகிவிடும். புழு குளிரில் செத்துவிட்டாலும் கடுகளவே உள்ள அதன் முட்டைக்கூடு மண்ணோடு மண்ணாகப் பிழைத்திருக்கும், எளிதில் கண்ணில் படாது. அதனால் வாளியில் தண்ணீர் பிடித்து, வேரைக் கீரை அலசுவதுபோல் மூன்று தண்ணீர் அலசி, வெறும் வேரோடு நடுகிறேன். கோரை கோபித்துக்கொள்வதில்லை. அலசிய தண்ணீரையும் மண்ணையும் கறுப்புப் பிளாஸ்டிக் பையில் ஊற்றிக் கட்டி, வெயிலில் போட்டுவிடுகிறேன்.